வாடகை நோட்டிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1949இல் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தைப் படமாக எடுக்கக் கிளம்பியிருக்கும் டர்பன் பிள்ளைகளுக்கு,

வணக்கம். தமிழில்தான் எழுத வருகிறது. உங்களில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர் யாராவது மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் கதை சொன்னீர்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள், ஒன்றில் தமிழ்க் குடும்பம், இன்னொன்றில் ஜூலு என்ற ஆப்பிரிக்க இனக் குடும்பம். இவர்கள் கறி கொடுக்கிறார்கள், அவர்கள் சோளம் கொடுக்கிறார்கள். அப்புறம் எங்கிருந்தோ கலவரம் வருகிறது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சபையில் வாய் வரவில்லை, அதனால் இந்த மடல்.

எங்கள் தாத்தாவும் கேட்டோ மேனர்க்காரர்தான். வாழை போட்டிருந்த நிலத்தில் ஒரு ஓரத்தை நாலு ஜூலு குடும்பங்களுக்குக் குடிசை போட வாடகைக்கு விட்டிருந்தார். நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்கிறீர்களே, அவர் எங்களுக்குக் குடித்தனக்காரர். அந்தப் பக்கம் பல இடங்களில் இதே கணக்குதான். ஆப்பிரிக்கர்கள் நகரத்தில் நிலம் வாங்கச் சட்டம் விடவில்லை. இந்தியர் கையில் கொஞ்சம் நிலம், கடை, பஸ். சட்டம் போட்ட வெள்ளைக்காரன் எங்கோ இருந்தான். வாடகை கேட்டு வாசலில் நின்றவன்தான் கண்ணில் பட்டான்.

ஜனவரி 13, வியாழக்கிழமை மாலை விக்டோரியா தெருவில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் 14 வயது ஆப்பிரிக்கப் பையனை அடித்தார். அவன் தலை கடைக் கண்ணாடியில் மோதியது. மறுநாள் ராத்திரி கேட்டோ மேனர் எரிந்தது. அரசாங்கக் கணக்கில் 142 சாவு. அதில் 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர். அந்த 87 பேரை உங்கள் கதையில் காணோம். போலீசும் பட்டாளமும் சுட்டு விழுந்தவர்கள் அதில் நிறைய.

அந்த ராத்திரி எங்கள் பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவையும் குடித்தனக்கார அம்மா ஒருவர் தன் குடிசையில், சோளமாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, வாசலில் பாயைப் போட்டுக் குறுக்கே படுத்துக்கொண்டாராம். பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தாத்தாவின் வாடகை நோட்டை நான் பார்த்தது அவர்கள் இருவரும் போன பிறகுதான். பிப்ரவரிப் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே, எல்லா மாதத்தையும் போல, முழு வாடகையும் வரவு. ஒரு ஷில்லிங்கூடக் குறையவில்லை.

இதை எடுங்கள். தாத்தா கெட்டவரில்லை, என்னைத் தோளில் தூக்கிவைத்துத் தைப்பூசக் காவடி காட்டியவர். அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன்.

பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் அவர்களைக் க்வாமாஷுவுக்கும் துரத்திய கதை ஊருக்கே தெரியும். இரண்டு காட்சி போதும். ஆனால் 2021 ஜூலையை விட்டுவிடாதீர்கள். முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனார், கடைகள் சூறை போயின, போலீசைக் காணவில்லை. டர்பன் பக்கம் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் நம்மவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். அந்தப் பகுதியில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்.

என் தங்கை வீட்டு முனையில் டயரும் பழைய ஃப்ரிட்ஜும் போட்டு அடைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக அவள் வீட்டில் வேலை செய்யும் அம்மா போன் போட்டு, "நாளைக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "வேண்டாம், இப்ப வராதீங்க" என்றாளாம். நல்ல காரியம்தான். அந்த வாரச் சம்பளத்தைக் கொடுத்தாயா என்று கேட்டேன். தேநீர் போட எழுந்து போய்விட்டாள்.

நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அட்டையைக் கரையான் தின்றுவிட்டது, உள்ளே எழுத்து தெளிவு. ஞாயிற்றுக்கிழமை வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் பெயரை மட்டும் இப்போதைக்குத் திரையில் காட்ட வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். முதலில் தேடிக் கேட்போம்.