கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

புனே
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன்னுடைய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இது ஒரே பதில். உன் மகள் திருமணத்துக்கு நான் வராததற்கு என்ன சமாதானம் சொன்னாலும் நீ ஏற்க மாட்டாய். உன் வீட்டில் தங்கை அறவே ஏற்க மாட்டாள். ஊருக்கு வந்ததும் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பையன் இரண்டாம் ஆண்டு போய்விட்டான். கணக்கு வாத்தியார் இறந்த செய்தியை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். பதினேழாம் வாய்ப்பாட்டை இப்போது யார் நம்மிடம் கேட்கப்போகிறார்கள், சொல்.

நலம் விசாரிப்பு போதும். சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. உன்னிடம் ஒரு வேலையும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னாலேயே சொன்னால் நீ பாதிக் கடிதத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

புதுக் கால் போடுவதற்காகப் புனே வந்து மூன்று வாரம் ஆகிறது. மிச்சக் கால் நுழையும் குழிவான பகுதியான பழைய சாக்கெட் தளர்ந்துபோய், மூன்று உறை போட்டாலும் கால் உள்ளே ஆடியது. இங்கே செயற்கை உறுப்பு மையம் 1944-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. 2003-ல் முதல் காலை எனக்கு மாட்டிவிட்டவர்கள் இவர்கள்தான். இது எனக்கு நான்காவது. அளவெடுத்து, வார்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று நாள் ஓடும். நடுவில் சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம். அப்படிச் சும்மா இருந்த ஒரு மத்தியானம், இங்கே ஓர் இராணுவ மருத்துவமனையில் வேலை பார்க்கும் கேரளத்து சிஸ்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "நீங்கள் தமிழ்தானே? எங்கள் வார்டில் ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான். ஒன்பது நாளாக யாரோடும் பேசவில்லை. கொஞ்சம் வந்து உட்கார முடியுமா?" என்று கேட்டார்.

போனேன். இருபத்து மூன்று வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சொந்த ஊர் உன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான், வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற வட்டாரம். நம் ஊரில் ஒரு பையன் பட்டாளத்துக்குப் போவதற்குத் தெரு முழுக்கச் சேர்ந்து மாலை போடும். கால் இல்லாமல் திரும்பி வருகிறவனை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் நான் எல்லாவற்றையும் கெடுத்தேன். போய் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டேன். 1965 போரில் முதுகில் குண்டு தங்கிப் படுத்த முரளிகாந்த் பெட்கர் 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியது. 1971-ல் சில்ஹெட் பக்கம் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைத் தானே கூர்க்காக்களின் குக்ரிக் கத்தியால் வெட்டிக்கொண்ட இயான் கார்டோசோ பிற்பாடு ஒரு பட்டாலியனுக்கே தலைமை வகித்தது. என்னைப் போலவே இடது காலைக் கண்ணிவெடிக்குக் கொடுத்த ஹொகாடோ சேமா 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதல் போட்டியில் வெண்கலம் வாங்கியது. எல்லாம் உண்மை, எல்லாம் என் நெஞ்சில் இருப்பவை. பையன் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யார் தயவும் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வர வழி தெரியாமல் கிடப்பவனிடம் போய் நான் பதக்கக் கணக்கு வாசித்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படுத்திருந்தபோது அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். உனக்கு அவரைப் பற்றிச் சொன்னதே இல்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரில் படைகள் எல்லைக்குப் போனதும், ஆபரேஷன் பராக்கிரம் என்று அதற்குப் பெயர் வைத்ததும், எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்ததும் உனக்குத் தெரியும். புதைத்ததையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டுமே. அது சாப்பர்களின், அதாவது எங்கள் பொறியாளர் படை வீரர்களின் வேலை. மணல் நகரும், வெடியும் கூடவே நகரும். வரைபடத்தில் இருக்கிற இடத்தில் அது இருக்காது. அப்படித்தான் என் கால் போனது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வார்டுக்கு யாரையோ பார்க்க வந்த பழைய சுபேதார் ஒருவர், பஞ்சாபி, 1971 போரில் கால் இழந்தவர், என் கட்டிலருகே நின்றார். எனக்கு அப்போது இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் கிடையாது. ஒரு நாற்காலியை இழுத்து வந்து, கால் இல்லாத பக்கமாகக் கட்டிலை ஒட்டிப் போட்டார். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்திருப்பாய், கால் போனது மறந்திருக்கும், அந்தப் பக்கம் இறங்குவாய், விழுவாய். நாற்காலியில் முட்டினால் நினைவு வந்துவிடும் என்று சைகையிலேயே சொன்னார். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். அந்த நாற்காலி என்னை எத்தனை தடவை காப்பாற்றியது என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் போனதும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு நாற்காலியை எடுத்து அவன் கட்டிலின் வலப்பக்கம் ஒட்டிப் போட்டேன். எதற்கு என்று சொன்னேன். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினான். தோல் உரிந்து பொருக்கு கட்டியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் போனேன். உறை மாட்டுவது, எட்டு எழுதுவது போலப் பட்டை சுற்றுவது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காமல் இருப்பது இவையெல்லாம் பேச்சு. தலையணை வைத்தால் அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். நாள்பட்டால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு கால் மாட்டினாலும் நேராக நிற்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் இதை அவனிடம் பத்து தடவை சொல்லியிருக்கிறார். நான் என் காலைக் கழற்றி முட்டியை நீட்டிக் காட்டியதும் அவனே தலையணையை எடுத்துக் கீழே போட்டான்.

நான்காம் நாள் கேட்டான்: "அண்ணே, வெட்டிய காலை என்ன செய்திருப்பார்கள்?"

எனக்குப் பேச்சு எழவில்லை. இதே கேள்வி என்னிடமும் மாதக்கணக்கில் இருந்தது. டாக்டரிடம் கேட்க வெட்கம், அம்மாவிடம் கேட்டால் அழுவாள். எரித்தார்களா, புதைத்தார்களா, நம் உடம்பில் ஒரு பகுதிக்கு நமக்கு முன்னாலேயே காரியம் முடிந்துவிட்டதா என்று இரவெல்லாம் ஓடும். "எனக்கும் தெரியாது தம்பி, இன்றுவரை கேட்டதில்லை. நீ கேட்க வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்" என்றேன். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். ஆனால் அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. இல்லாத காலின் கட்டைவிரல் நகம் சதைக்குள் குத்துகிறது என்றான். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் மறைத்திருக்கிறான். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் மழைக்காலத்தில் சுண்டுவிரல் அரிக்கும் என்று சொன்னேன். நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இந்த வலிக்காகவே 1990-களில் கண்ணாடி வைத்துச் செய்யும் ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். இருக்கிற காலைக் கண்ணாடியில் பார்த்து அசைத்தால் போன காலே அசைவதுபோல மூளைக்குப் படும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. டாக்டரிடம் அவனே வாய்விட்டுக் கேட்டான், அதுதான் எனக்குப் பெரிது.

ஒரு விஷயத்தில் என்மேல் கோபப்பட்டான். ஓர் இரவு அவன் சொன்ன ஒரு வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சத்தியம் கேட்டான். நான் சத்தியம் செய்யவில்லை. நேரே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அன்றே மனநல டாக்டர் வந்து பார்த்தார். பையன் ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, உயிரோடு இருந்து பேசாமல் இரு என்று நினைத்துக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் நம் இருவரோடு இருக்கலாம், உயிர் சம்பந்தப்பட்டது இருக்க முடியாது. இதை முதல் நாளே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது என்னைத் தின்பது இதுதான். நான் காலைச் சரிசெய்ய வந்தவன். சாக்கெட் இன்னும் ஒரு மாதம் தாங்கியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன். அந்தப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பான். இருபது வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு சுபேதார் கிடைத்ததும் தற்செயல், இவனுக்கு நான் கிடைத்ததும் தற்செயல். ஒரு மனிதனை எழுப்பி நிறுத்தும் காரியத்தைத் தற்செயலிடம் விடலாமா? தப்பு எங்களுடையதுதான். கால் கிடைத்து, பென்ஷன் கிடைத்து, வீட்டுக்குப் போனோம், கதவைச் சாத்திக்கொண்டோம். எல்லோரும் அப்படி இல்லை. கார்கில் போரில் கால் இழந்த மேஜர் டி.பி. சிங் ஓட்டக்காரராகி, 2011-லேயே கை கால் இழந்தவர்களை ஒன்று சேர்த்து ஒரு குழு தொடங்கினார். அமெரிக்காவில் வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் இழந்த ஜிம் மேயர் என்பவர், இராக்கிலிருந்து வந்த பையன்களுக்காக வால்டர் ரீட் மருத்துவமனைக்கு மில்க் ஷேக் வாங்கிக்கொண்டு போவாராம். அறிவுரை மூட்டையோடு போகவில்லை, பார். மில்க் ஷேக்!

நீ தினமும் வேலூர் பாகாயம் வழியாகத்தானே போகிறாய்? டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர். அங்கே மறுவாழ்வு நிலையம் வந்ததே அவரால். படுத்த படுக்கையாக அங்கே வந்தவன், தன்னைப் போலவே சக்கர நாற்காலியில் வந்து தன்னைச் சோதிக்கிற டாக்டரைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியிருக்கும்! நம் வாசலில் இருந்த பாடம் இது, எனக்குப் புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதப்போகிறேன். யாருக்கு எந்த உறுப்பு போனது, என்ன மொழி, என்ன வயது, எங்கே இருக்கிறார் என்று ஒரு பட்டியல். போய் உட்கார விருப்பம் உள்ளவர்களுக்கு முதலில் சில நாள் பயிற்சி. வாயை மூடிக்கொண்டு கேட்பது எப்படி, டாக்டர் வேலையை நாம் பார்க்காமல் இருப்பது எப்படி, எதை ரகசியமாக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று. பிறகு ரயில் டிக்கெட், தங்க ஓர் இடம். வேறொன்றும் வேண்டாம். வாசகம் நீதான் திருத்தித் தர வேண்டும். என் எழுத்தில் கோபம் வந்துவிடும். உன் கையெழுத்தைப் பார்த்தால் கலெக்டரே எழுந்து நிற்பார் என்று நம் தமிழ் ஐயா சொன்னது இன்றைக்காவது பயன்படட்டும்.

இனி உன் வேலை. பையனின் அம்மா தினமும் மாலையில் போனில் அழுகிறார். அழுகையைக் கேட்ட இரவு அவன் சாப்பிடுவதில்லை. நீ ஒருமுறை போய்ப் பார். தனியாகப் போ, தெருவைக் கூட்டிக்கொண்டு போகாதே. "ஐயோ பாவம்" என்ற சொல் உன் வாயில் வரக் கூடாது. என்னைப் பற்றிச் சொல். இடது கால் இல்லாதவன், மாடிப்படி ஏறுகிறான், பையனைக் கல்லூரியில் படிக்கவைக்கிறான் என்று சொல். அவனுடைய மோட்டார் சைக்கிளை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வேண்டாம் என்று சொல். வலது கால் போனவனுக்குப் பின் பிரேக்தான் சிக்கல். அதை மாற்றி அமைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிந்துகொள்ளலாம். ஓட்டுவானா மாட்டானா என்பதை அவன் வந்து முடிவு செய்யட்டும். வண்டி போய்விட்டது என்று தெரிந்தால், வீடே தன்னைக் கைகழுவிவிட்டது என்று நினைப்பான்.

வீட்டில் கழிப்பறை எந்த மாதிரி என்று பார். குந்தி உட்காருவது என்றால், உட்காரும் வகைக்கு மாற்றவும் சுவரில் ஒரு பிடிகம்பி வைக்கவும் என்ன செலவாகும் என்று கொத்தனாரைக் கேள். பணத்துக்கு நானும் பட்டாளத்து நண்பர்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, மறந்துவிடாதே. போகும்போது அளவு நாடா எடுத்துப் போ. பையன் நேற்றுதான் இணைகம்பிகளுக்கு நடுவே பத்து அடி நடந்தான். அடுத்து படி ஏறும் பயிற்சி. அவன் வீட்டு வாசற்படி உயரம் என்று சொல்லிக் கையால் காட்டினான், எனக்கு நம்பிக்கை இல்லை. நினைவில் இருக்கிற படி எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், பிடித்துக்கொள்ளத் தூண் எந்தப் பக்கம் என்று அளந்து, வியாழனுக்குள் எனக்குப் போனில் சொல். பிசியோதெரபிஸ்ட் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கையிடம் என் அன்பைச் சொல்.

உன்,
கடைசி பெஞ்சு