வீட்டுச் சர்வருக்கு விபிஎன்: எந்தச் செயலிக்கு, எந்தத் திசையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினியையோ சிறு கணினியான ராஸ்பெர்ரி பையையோ வீட்டுச் சர்வராக மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குடும்பப் புகைப்படங்களை மாதச் சந்தா கட்டி யாரோ ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வைப்பதற்குப் பதிலாக, இம்மிச் (புகைப்படங்களுக்கு), நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளுக்கு), ஜெல்லிஃபின் (திரைப்படம், இசைக்கு) போன்ற கட்டற்ற மென்பொருள்களை டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து இயக்கும் முறையில், வீட்டிலேயே ஓட்டலாம் என்பதைத் தமிழில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால், பாதுகாப்புக்கு ஒரு விபிஎன் (இணையத்தின் ஊடே பூட்டப்பட்ட தனி வழி) போட்டுவிட்டால் போதும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றதை மட்டும் ஏற்க முடியவில்லை. கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், புதிதாகச் சர்வர் அமைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்த ஒரு வரியில்தான் என்று கண்டிருக்கிறேன்.

விபிஎன் என்று சொல்லி நாம் நேரெதிரான இரண்டு வேலைகளைக் குறிப்பிடுகிறோம். ஒன்று, வெளியூரில் இருக்கும் நாம் வீட்டுச் சர்வருக்குள் பத்திரமாக வந்து சேர்வது. மற்றொன்று, வீட்டில் ஓடும் ஒரு செயலி இணையத்துக்குப் போகும்போது நம் வீட்டு ஐபி முகவரியைக் காட்டாமல் வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போவது. விளம்பரங்கள் விற்பது இரண்டாவதை. பெரும்பாலான வீடுகளுக்கு உண்மையில் தேவைப்படுவது முதலாவது. காசு கொடுத்து இரண்டாவதை வாங்கிப் போட்டுவிட்டு, ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து ஒரு செயலியை அடைவதற்கான எண்ணிட்ட வாசலை, திறந்தே வைத்திருப்பவருக்கு அந்தச் சந்தாவால் எந்தக் காவலும் இல்லை. திறந்த போர்ட் வழியாக உள்ளே வருகிறவனை அது எந்த இடத்திலும் மறிப்பதில்லை.

போர்ட்டைத் திறந்து வைப்பதால் வரும் ஆபத்து வெறும் கற்பனை அன்று. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சேமிப்புக் கருவிகளில் இருந்த கோப்புகள் இணையம் வழியாகவே அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பிணைப்பண மென்பொருள் கியூநாப் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி 0.03 பிட்காயின் கேட்டது. ரவுட்டரில் போர்ட் திருப்பிவிடுவதையும், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள இடம் தரும் யுபிஎன்பி வசதியையும் நிறுத்தும்படி அப்போது அந்நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

டாக்கர் பயன்படுத்துவோருக்கு இதில் கூடுதலாக ஒரு பொறி உண்டு. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளை) இயக்கி, எல்லா போர்ட்டையும் மூடிவிட்டதாக நிம்மதியாக இருப்போம். ஆனால், கன்டெய்னரின் போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்கிறது. வருகிற பாக்கெட் (தரவுத் துண்டு) யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் பாதைக்கு வராமலே கன்டெய்னருக்குத் திரும்பிவிடுகிறது. டாக்கரின் ஆவணத்திலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது என்றாலும், நிறுவும் அவசரத்தில் அந்தப் பக்கத்தைப் படிப்பவர் குறைவு. வெளியே தெரிய வேண்டாத செயலியாக இருந்தால் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட வேண்டும். அப்போது அது அந்தக் கணினிக்குள்ளேயே நிற்கும். நம் நாட்டு இணைப்புகளில் இப்போது ஐபிவி6 (நீண்ட முகவரிகளைக் கொண்ட புதிய ஐபி முறை) பரவலாகிவிட்டதால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கக்கூடும். ‘ரவுட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறோம்’ என்ற பழைய தைரியம், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் செல்லும்.

இதற்கெல்லாம் மாற்றாக, வீட்டுக்குள் வருவதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை அமைத்தால் திறக்க வேண்டியது ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இந்த மென்பொருள் 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகள்தாம் என்பதால் ஆய்வாளர்கள் முழுமையாக வாசித்துச் சோதிக்க முடிகிறது. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்வதில்லை என்பதால், இணையத்தில் போர்ட்டுகளைத் துழாவிக்கொண்டிருப்பவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரிவதில்லை. இம்மிச், ஜெல்லிஃபின் ஆகியவற்றின் உள்நுழைவுப் பக்கங்கள் வயர்கார்டுக்குப் பின்னால் இருந்தால், அவற்றில் நாளை ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அன்றிரவே பதறி எழுந்து புதுப்பிக்க வேண்டிய நிலை வராது.

இங்கே பலருக்கும் வரும் சிக்கல், தங்களுக்கென்று ஒரு பொது ஐபிவி4 (பழைய ஐபி முறை) முகவரியே இல்லை என்பது. ஐபிவி4 முகவரிகளின் உலகளாவிய மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதால், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிஜிநாட் முறை வழக்கத்துக்கு வந்தது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால், நீங்கள் அத்தகைய இணைப்பில்தான் இருக்கிறீர்கள். ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. இந்நிலையில் ஐபிவி6 வழியாக வயர்கார்டை அமைக்கலாம். அல்லது வயர்கார்டின் மேலேயே கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்தலாம். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் அதற்குப் போர்ட் திறக்கும் தேவையே எழுவதில்லை. அந்த முனைகளை அறிமுகப்படுத்தி வைக்கும் கட்டுப்பாட்டுச் சர்வரும் நம்மிடமே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, அதை நாமே நடத்திக்கொள்ள உதவும் ஹெட்ஸ்கேல் இருக்கிறது.

இனி, வெளியே போகும் திசை. ஒரு சர்வரில் பத்துக் கன்டெய்னர்கள் ஓடினால் அத்தனைக்கும் விபிஎன் தேவைப்படாது. கோப்புகளைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் டொரன்ட் செயலி, பல தேடுபொறிகளிடம் நமக்காகக் கேட்டுத் தொகுத்துத் தரும் தேடல் கருவி என்று ஒன்றிரண்டுக்கே வீட்டு முகவரியை மறைக்க வேண்டியிருக்கும். (பதிப்புரிமை உள்ளதை அனுமதியின்றி இறக்குவது விபிஎன் வழியாகப் போனாலும் சட்டமீறலே என்பதையும் சொல்லி வைக்கிறேன்.) அந்த ஒன்றிரண்டுக்காகச் சர்வர் முழுவதையும் விபிஎன்னுக்குள் தள்ளினால், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலின் பெயர்த் தேடல்கள் (தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேட்பவை) வெளிநாடு சுற்றி வரும், வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வயர்கார்டு இணைப்புக்கான பதில் பாக்கெட்டுகள் வேறு வழியில் போய்த் தொலையும், விபிஎன் இணைப்பு அறுந்தால், தடுப்பு ஏதும் அமைக்காத கணினியில் எல்லாச் செயலிகளும் சத்தமில்லாமல் வீட்டு முகவரியிலேயே பேசத் தொடங்கிவிடும்.

கன்டெய்னர் முறையின் அருமை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. லினக்ஸில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற தனி வலையமைப்பு உலகம் உண்டு. அதற்கென்று தனி முகவரி, தனிப் பாதை அட்டவணை, தனி ஃபயர்வால் விதிகள். க்ளூட்டன் போன்ற ஒரு விபிஎன் கன்டெய்னரை முதலில் இயக்கி, டொரன்ட் செயலிக்குத் தனி வலையமைப்பு கொடுக்காமல், கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் காம்போஸ் கோப்பின் நெட்வொர்க் மோட் வரியில் க்ளூட்டனின் வலையமைப்பையே பகிர்ந்துகொள்ளச் சொன்னால் போதும். செயலிக்கு வெளியுலகம் என்பது அந்த விபிஎன் கன்டெய்னர் மட்டுமே; இணைப்பு அறுந்தால் வேறு வாசல் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபயர்வாலும் விபிஎன் தவிர்த்த பாதைகளை அடைத்துவிடுகிறது. வலையமைப்பை மாற்றி எழுதும் நெட் அட்மின் அதிகாரம் விபிஎன் கன்டெய்னருக்கு மட்டும் போதுமானது. டொரன்ட் செயலிக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

இந்த அமைப்பில் கை வைத்தவர்களுக்குத் தெரிந்த சில இடறல்களைக் கட்டுரையில் சொல்லியிருந்தால் பலருடைய இரவுத் தூக்கம் தப்பியிருக்கும். செயலியின் போர்ட்டுகளைச் செயலியின் பகுதியில் எழுதினால் வேலை செய்யாது. வலையமைப்பு க்ளூட்டனுடையது என்பதால் க்ளூட்டனின் பகுதியில்தான் எழுத வேண்டும். ஒரே வலையமைப்பைப் பகிரும் இரண்டு செயலிகள் 8080 என்ற ஒரே போர்ட்டைக் கேட்டால், பின்னால் வருவது எழுந்திருக்கவே மறுக்கும். ஒன்றின் எண்ணை அதன் அமைப்பிலேயே மாற்ற வேண்டும். விபிஎன் கன்டெய்னரைப் புதுப்பித்து மறுபடி உருவாக்கினால், அதைச் சார்ந்திருந்தவை பழைய, இல்லாமல் போன வலையமைப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும். அவற்றையும் மறுபடி உருவாக்கினால்தான் உயிர் வரும். இதைக் குறை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது சரியான நடத்தை என்றே படுகிறது. விபிஎன் போய்விட்டால் செயலி ஊமையாக வேண்டுமே தவிர, வீட்டு முகவரியில் பேசக் கூடாது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியிலேயே தொங்குகின்றன என்றால் உடனே விபிஎன் நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். வயர்கார்டு வழக்கமாக 1420 பைட் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) வைத்துக்கொள்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை ஃபைபர் இணைப்புகளில் அடிப்படை எம்டியூவே 1500 அல்ல, 1492 என்பதால், 1412 என்று குறைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணினி முழுவதற்கும் விபிஎன் போடுவதைவிடக் கன்டெய்னர் வழி உறுதியானது என்று நான் சொல்வதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2024 மே மாதம் லெவியதன் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டனல்விஷன் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். நாம் இணைந்திருக்கும் வலையமைப்பில் உள்ள ஒருவர், டிஎச்சிபி வழியாக முகவரி வழங்கும்போதே 121-ஆம் விருப்பத்தேர்வைக் கொண்டு புதிய பாதைகளையும் நம் கணினியில் செருகிவிடலாம். விபிஎன் இணைந்திருப்பதாகவே திரை காட்டும், தரவோ வெளியே போய்க்கொண்டிருக்கும். அதற்கு லினக்ஸில் அவர்கள் சுட்டிய தீர்வு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்தான். செருகப்படும் பாதை கணினியின் முதன்மை அட்டவணையில் விழுமே தவிர, கன்டெய்னரின் தனி அட்டவணையை எட்டாது. திருப்பப்படுவது ஏற்கெனவே பூட்டப்பட்ட பாக்கெட்டாகத்தான் இருக்கும்.

அமைத்து முடித்ததும் சோதிப்பது அவசியம். உலாவியில் ‘என் ஐபி என்ன’ என்று பார்ப்பது இங்கே பயன்படாது, உலாவி கன்டெய்னருக்குள் இல்லை. டாக்கர் எக்ஸெக் கட்டளையால் கன்டெய்னருக்குள் நுழைந்து, அங்கிருந்து ஐபி முகவரியைக் கேட்க வேண்டும்; ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெயர்த் தேடல் எந்தச் சர்வருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முகவரி மறைந்து, பெயர்த் தேடல் மட்டும் வீட்டு ரவுட்டருக்குக் கசிந்தால் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது வெளியே தெரிந்துவிடும். கடைசியாக விபிஎன் கன்டெய்னரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, செயலியால் எங்கும் போக முடியவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சட்டம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் பிறப்பித்த உத்தரவு, விபிஎன் சேவை தருவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வழங்கிய ஐபி, பயன்படுத்தும் நோக்கம் உள்ளிட்ட விவரங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இதை ஏற்காத எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நோர்ட்விபிஎன் முதலிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. பொதுமக்களுக்குச் சேவை விற்போருக்கான உத்தரவு அது. தன் வீட்டுக்குள் தானே வந்து சேர வயர்கார்டு வைத்திருப்பவரை நோக்கியதன்று. இந்த வேறுபாட்டை விளக்காததால், விபிஎன் என்றாலே சட்டவிரோதம் என்று அஞ்சும் வாசகர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டதால் தங்களை யாராலும் கண்டறியவே முடியாது என்று நம்பும் வாசகர்களும் இருக்கிறார்கள். இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த போக்குவரத்தை விபிஎன் நிறுவனம் பார்க்கத் தொடங்குகிறது. நடப்பது நம்பிக்கை கைமாறுவது மட்டுமே.

ஆகவே, இத்தொடரின் அடுத்த பகுதியில் வீட்டுக்குள் வரும் வழிக்கென்று ஒரு காம்போஸ் கோப்பையும், வெளியே போகும் வழிக்கென்று ஒரு காம்போஸ் கோப்பையும் தனித்தனியே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டிலும் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் குறிப்பு இருக்கட்டும். வாசகர்கள் எதையும் விலைக்கு வாங்கும் முன் தங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி 100.64 வகையைச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும்படி கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.