கமக்கட்டு நெறியை எடுக்க முதல்

ஆசிரியர் அவர்கட்கு,

ஒக்டோபர் மாதம் பிறந்தால் தங்கள் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளும் மார்பகப் புற்றுநோய் பற்றி எழுதுகின்றன. குளிக்கும்போது தடவிப் பாருங்கள், கட்டி தென்பட்டால் ஒளிக்காதீர்கள் என்று எழுதுவது நல்ல காரியம். நானும் அப்படியொரு கட்டுரையை வாசித்துத்தான், 64 வயதில், போன வருடம் என் கட்டியைக் கண்டேன். ஆனால் கட்டி என்று தெரிந்த பிறகு, சத்திரசிகிச்சைக்கு முதல் கேட்டறியவேண்டிய ஒன்றைப் பற்றி எழுதுவாரைக் காணோம். மார்பில் இருந்து நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடமான, கமக்கட்டில் உள்ள நிணநீர்க்கணுக்களை, எங்கள் பேச்சில் நெறியை, எடுத்துச் சோதிக்கத்தான் வேண்டுமா என்பதே அது.

என் அக்காவுக்கு 2004 இல் இடது மார்பில் சிறிய கட்டி. மார்பை எடுத்ததோடு கமக்கட்டையும் முழுதாகத் துப்புரவாக்கினார்கள். எடுத்த நெறி 14. பதினான்கிலும் புற்றுநோய் இல்லை என்று றிப்போட் வந்தது. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தோம். ஆனால் நெறி போனால் கையில் நிணநீர் வடிய வழி குறைந்துவிடும். எட்டு மாதத்தில் கை வீங்கத் தொடங்கியது.

இன்றைக்கும் அக்காவின் சட்டைக்கு இடது கையை மட்டும் அகலம் கூட்டித் தைக்கவேண்டும். புறங்கையைப் பெருவிரலால் அழுத்தினால் விழுந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ஒரு பாதித் தேங்காய் திருவினால் அன்று முழுக்கக் கை கனக்கும். ஒருமுறை சூடை மீன் முள் விரலில் குத்தியது. அடுத்த நாள் முழங்கை வரை சிவந்து, குளிர்காய்ச்சலோடு நான்கு நாள் வாட்டில் கிடந்தா. அன்றைய வைத்தியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த நாளில் பலரும் கைக்கொண்ட முறை அது. ஆனால் "சுகமா இருந்த பதினாலு நெறியையும் ஏன் எடுத்தவை?" என்று அக்கா கேட்கும்போது இன்றும் எனக்குப் பதில் வருவதில்லை.

அதற்குப் பிறகு முறை மாறிவிட்டது. கட்டியில் இருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை நீலச்சாயமோ கதிரியக்க மருந்தோ ஏற்றி அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். முழுதாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது என்றால், இப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான் வீங்குகிறது. இப்போது அதற்கும் அடுத்த கேள்வி வந்திருக்கிறது. சிலருக்கு அந்த ஒன்றிரண்டைக்கூடத் தொடாமல் விடலாமா?

என் கட்டி 13 மில்லிமீற்றர். சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் கமக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுப்பித்தார். நெறிகள் எல்லாம் வழமையான உருவில் இருந்தன. பிறகு என்னை இருத்தி வைத்து, "ரீச்சர், இந்த நெறியை எடுக்கிறது வருத்தத்துக்கு மருந்தில்லை, அது ஒரு சோதனை. அந்த விடையால உங்கட வைத்தியம் மாறுமெண்டாத்தான் அது தேவை" என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தவள் நான். எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது.

அவர் சொன்ன ஆய்வுகளைப் பிறகு மகள் தேடித் தந்தாள். இத்தாலியர் முன்னின்று நடத்தி 2023 இல் வெளியான 'சவுண்ட்' ஆய்வில் 1,405 பெண்கள். எல்லோருக்கும் கட்டி 2 சென்ரிமீற்றருக்குள், ஸ்கானில் கமக்கட்டு தெளிவு. ஐந்து வருடம் கழித்து, நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள், நெறி எடுத்தோரில் 97.7 வீதம், எடுக்காதோரில் 98.0 வீதம். ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் நடந்து 2024 இல் வெளிவந்த 'இன்செமா' ஆய்வு இன்னும் பெரியது. அதில் ஐந்து வருடம் கழித்து, நோய் திரும்பாமலும் புதிதாகப் புற்றுநோய் வராமலும் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் 92 வீதத்தை ஒட்டியே நின்றார்கள். கை வீக்கம் நெறி எடுத்தோரில் 5.7 வீதம், எடுக்காதோரில் 1.8 வீதம்.

மறைக்கக்கூடாத பக்கமும் உண்டு. ஸ்கான் தெளிவாக இருந்தும், 'சவுண்ட்' ஆய்வில் நெறியை எடுத்துப் பார்த்த நூறு பேரில் சுமார் 14 பேருக்கு அதில் புற்றுநோய் இருந்தது. 'இன்செமா' ஆய்வில் நெறி எடுக்காதவர்களில் நூற்றில் ஒருவருக்குப் பின்னால் கமக்கட்டில் நோய் வந்தது. எடுத்தவர்களில் அது 0.3 வீதம். இதைக் கேட்டு ஓர் இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ரொறன்ரோவில் இருந்து மகன், "அம்மா, ஒண்டையும் மிச்சம் விடாமல் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ" என்றான். பாசத்தில் சொன்னான். ஆனால் அவன் பெரியம்மாவின் கையை நாளாந்தம் பார்த்து வளர்ந்தவனல்ல.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்களின் சங்கம் 2025 இல் வெளியிட்ட வழிகாட்டலில், மாதவிடாய் நின்ற, 50 வயதோ அதற்கு மேலோ ஆன பெண், கட்டி 2 சென்ரிமீற்றருக்குள், தரம் (கலங்கள் எவ்வளவு மாறியுள்ளன என்ற அளவு) 1 அல்லது 2, ஓர்மோன் ஏற்பி உள்ளது (ஓர்மோனால் வளரக்கூடியது), ஹேர்-2 (கட்டியை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) இல்லாதது, ஸ்கானில் கமக்கட்டு தெளிவு, மார்பைக் காத்துச் சத்திரசிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்றெல்லாம் நிபந்தனை உண்டு. எனக்கு அத்தனையும் சரியாக இருந்தபடியால் நெறியை விட்டோம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கறன்ட், அதாவது கதிர்வீச்சு, பிடித்தேன், குளிசை போடுகிறேன்.

என்னோடு அதே கிளினிக்குக்கு வந்த 41 வயதுப் பிள்ளைக்கு ஹேர்-2 உள்ள, 3 சென்ரிமீற்றர் கட்டி. அவளுக்கு நெறியைச் சோதிப்பது அவசியம் என்றார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பது அந்த விடையில் தங்கியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த காலை சிறுநீர் பச்சைநீலமாகப் போனதைக் கண்டு அவள் கழிவறையிலேயே அழுதுகொண்டு நின்றாளாம். நெறியைக் கண்டுபிடிக்க ஏற்றிய நீலச்சாயம் அப்படித்தான் வெளியேறும் என்று முதலே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

கிளினிக் நாட்களில் நெடுந்தீவில் இருந்து விடியப் படகேறி வந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதைக் கண்ணால் கண்டேன். அதனால்தான் கேள்விகளை வீட்டிலேயே கொப்பியில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். கமக்கட்டுக்கு ஸ்கான் பார்த்தாச்சா? என் கட்டியின் அளவு, தரம், ஓர்மோன், ஹேர்-2 என்ன? நெறியை எடுத்தால் என் வைத்தியம் எதில் மாறும்? எடுக்காவிட்டால் எப்படிக் கண்காணிப்பீர்கள்?

வருகிற ஒக்டோபரில் இந்தக் கேள்விகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் கொண்டு விளக்கம் எழுதுவித்தால் இன்னும் நல்லது. அக்காவும் வாசிக்கக் காத்திருக்கிறா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சண்டிலிப்பாய்.