அந்த டக்டக் சத்தத்தைத் திருப்பித் தந்தவருக்கு

எண்ணெய்க் கறை படிந்த தொப்பியோடு வந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணே, இது உங்களுக்குத்தான்.

நண்பன் போன பிறகு அவனுடைய ஜான் டீர் மாடல் டி டிராக்டர் ஒரு வருஷமாகக் கொட்டகையிலேயே கிடந்தது. 1923 முதல் 1953 வரை தயாரான வகை, இரண்டே சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நினைவுநாளில் அதை ஓடவிடலாம் என்று கூடினோம். எஞ்சினைக் கிளப்ப, ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள்வலிதான் மிச்சம். கார்புரேட்டர்தான் கோளாறு என்று நான் அடித்துச் சொன்னேன். (அவன் இருந்திருந்தால் என்னைக் கிண்டலடித்தே தீர்த்திருப்பான்.)

நீங்கள் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. ஃப்ளைவீலை மெல்ல நகர்த்திக் காதைக் கொடுத்தீர்கள். "மேக்னெட்டோ கிளிக்னு சொல்லலையே" என்றீர்கள். மேக்னெட்டோதான் தீப்பொறி தருவது; கிளப்பும்போது அதைச் சட்டென்று சுண்டிவிடும் இம்பல்ஸ் கப்ளிங், காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்திருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சிலிண்டர் காக்குகள் என்ற சின்னத் திறப்புகளைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்து, ஒரே சுற்று. டக்... டக்டக்... டக். தாளம் தப்பிய அதே சத்தம்! அவன் மகள் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம். நன்றி அண்ணே. உங்கள் சின்ன ஸ்பேனர் அவன் டூல்பாக்ஸில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.