பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்தைப் பார்த்து வந்தேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். நான் பெர்லினுக்கு வந்த நாள் முதல் ஒவ்வொரு முறை பேசும்போதும் "அந்த அரங்கத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள், கடந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லாததால் எழுதுகிறேன்.

ஏறத்தாழ 74,000 பேர் அமரும் அரங்கம் வெளியிலிருந்து இவ்வளவு தாழ்வாகத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் காரணம் விளங்கியது. கீழடுக்கு இருக்கைகள் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிச் செல்கின்றன. நாம் நுழையும் இடமே பாதி உயரம். மேற்குப் பக்கத்தில் மட்டும் கூரை வளையம் மூடாமல் விடப்பட்டு, அந்த இடைவெளி வழியாகத் தொலைவிலுள்ள மணிக்கோபுரம் தெரிகிறது. 2004இல் முடிந்த புதுப்பிப்பின்போது கூரையை முழுவதும் போட்டு அந்தத் திறப்பை அடைத்துவிடாதது மிக நல்ல முடிவு என்பேன்.

1936 ஒலிம்பிக்குக்காக வெர்னர் மார்ச் வடிவமைத்த இந்தக் கட்டடத்தை நாஜி அரசு தன் பெருமையை உலகுக்குக் காட்டவே எழுப்பியது. அதே களத்தில் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். இன்று அருகிலுள்ள சாலை ஒன்றுக்கு அவர் பெயர். தியான் சந்த் தலைமையில் நம் அணி ஜெர்மனியை 8-1 என்று வென்ற ஹாக்கி இறுதிப்போட்டி நடந்ததும் இதே வளாகத்தில்தான். விரிசல் விட்ட பழைய ஒலிம்பிக் மணியை வெளியே வைத்திருக்கிறார்கள். அதன் முன் நெடுநேரம் நின்றேன்.

நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டியை இரவு இரண்டு மணி தாண்டியும் நாம் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 110ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்ற பிரான்ஸ் அணித் தலைவர் ஜிதான் கோப்பையைக் கடந்து வெளியேறியது, தொலைக்காட்சியில் சில அடிகள் நடந்ததைப் போலத்தான் தோன்றியது. இங்கு ஆடுகளத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவே நீல நிற ஓடுதளம் இருக்கிறது. எதிரணியான இத்தாலியின் பாதியிலிருந்து தொடங்கி, எழுபதாயிரம் பேரின் கண் முன்னே அவர் எவ்வளவு தூரம் தனியாக நடந்திருப்பார் என்பது அங்கு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நீங்கள் ஒன்றும் பேசாமல் இருந்ததன் காரணமும் இப்போது புரிகிறது.

2024 யூரோ கால்பந்து இறுதியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 2-1 என்று வென்றதும் இங்குதான். ஜெர்மன் கோப்பை இறுதிப்போட்டி 1985 முதல் ஆண்டுதோறும் இங்கேயே நடைபெறுகிறது. நீங்கள் வரும்போது ஏதேனும் ஓர் ஆட்டத்துக்குக் கிழக்குப் பக்கத்தில், அந்தத் திறப்புக்கு நேரெதிரே இருக்கை பிடித்து வைக்கிறேன். மாலை வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்