வண்டி பாஸாகிவிட்டது

செங்கோட்டை,
கார்த்திகை 5

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன் செய்தால் ‘மீட்டிங்கில் இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்’ என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. சரி, கடிதம் என்றால் நேரம் கிடைக்கும்போது படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம்ம ஆல்ட்டோ பாஸாகிவிட்டது. 2010-இல் எடுத்தது, இந்த மாதத்தோடு 15 வருஷம். இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, புதுப்பித்தாயிற்று. ‘பதினஞ்சு வருஷம் ஆயிட்டா காயலான் கடைதான் மாமா’ என்று மாப்பிள்ளை போன பொங்கலுக்குச் சொன்னார். அது டெல்லிப் பக்கத்துக் கதை. நம் ஊரில் வண்டி ஒழுங்காக இருந்து, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் கையில் இருந்தால், ஃபார்ம் 25 கொடுத்து பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டலாம். கட்டணம்தான் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வார், அவ்வளவுதான். அவர் சுகம்தானே?

வண்டியை அப்படியே கொண்டுபோய்க் காட்டியிருக்க முடியாது. சாரலுக்கு நீ வந்திருந்தபோது ஓட்டினாயே, இடது பக்கம் முன்னால் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் வரவில்லையா? உனக்குக் கேட்டிருக்காது. அந்தத் தடவை நீ எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. எனக்குக் கேட்டது. புளியரை எஸ் வளைவில் அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு அடியில் எது ஆடுகிறது என்று காதே சொல்லிவிடும். பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சக்கரத்தை அடியில் தாங்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் கடகடவென்று ஆடுகிறது. ஷாக் அப்சார்பர் வாயில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் மண் அப்பி, தொட்டால் விரலில் கரி. முன் டயர் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இடதில்தான் கசிவு, அது மட்டும் போதும் என்றார் பட்டறைக்காரர். ஷாக் அப்சார்பர் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் தொய்வுமாக வண்டி இழுக்கும் என்று சொல்லி இரண்டையும் மாற்றவைத்தேன். அங்கே வேலை பழகுகிற பையன், ஸ்பிரிங்கை கிளாம்ப் போட்டு அமுக்காமலே மேல் நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டான். சத்தம் போட்டு நிறுத்தினேன். அவிழ்த்திருந்தால் முகத்தில் பாய்ந்திருக்கும். அப்புறம் லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே அந்த போல்ட்டை முழுசாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அதையும் நின்று பார்த்துவிட்டு, அலைன்மெண்ட் செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். செலவைப் பற்றி நீ பேச வேண்டாம். உன் பணம் எனக்கு வேண்டாம்.

தென்காசியில் இன்ஸ்பெக்டர் சேசிஸ் எண்ணைப் பார்த்தார், லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் பார்த்தார். முன்பக்க மூலையை ஒரு அமுக்கு அமுக்கி விட்டார். ஒரே எழும்பலில் வண்டி நின்றுவிட்டது. ‘பெரியவரே, வண்டியை நல்லா வச்சிருக்கீங்க’ என்றார். என் மகள் ஓட்டிப் பழகின வண்டி சார் என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

கண்ணுப்புளிமெட்டு ரோட்டில் நீ பழகியபோது தெருவே பேசியது. நம் குடும்பத்தில் லைசென்ஸ் எடுத்த முதல் பெண் நீ. திருமலைக் கோவில் மலைக்கு நீ ஏற்றியதைப் பார்த்து உன் சித்தப்பாவே வாயடைத்துப் போனான். ஆனால் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கிளட்ச்சில் கால் வைக்காதே. மனசு சரியில்லாத நாளில் வண்டியையே தொடாதே.

அம்மா உன்னை எதுவும் கேட்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். நானும் கேட்கவில்லை. சாரலுக்கு வந்தபோது பெரிய பெட்டியை விட்டுவிட்டுப் போனாய். ‘அடுத்த தடவை எடுத்துக்கிறேன்’ என்றாய். தீபாவளிக்கு நீ மட்டும் வந்தாய், அப்போதும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். தலை தீபாவளிக்கு லீவு கிடைத்தது அவருக்கு. சரி, ஆபீஸ் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. பெட்டி அறையில் அப்படியே இருக்கிறது. அதில் கம்பளித் துணி இருந்தால் பாச்சா உருண்டை போட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். வேறெதற்கும் கேட்கவில்லை.

வண்டி விஷயத்தில் இன்னொன்று யோசித்தேன். ஆர்.சி.யை உன் பெயருக்கு மாற்றிவிடலாம். திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோய்விட்டால் 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்க முடியாது. இங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, அங்கே வரி கட்டி, கேரளாவின் கே.எல். நம்பர் எடுக்க வேண்டும். இந்த வயசான வண்டிக்கு அந்த அலைச்சல் எதற்கு? வண்டி உன் பெயரில் இங்கேயே நிற்கட்டும். நீ இங்கே இருக்கிற நாளெல்லாம் ஓட்டிக்கொள். ஒரு வாரமானாலும் சரி, அதற்கு மேலானாலும் சரி. ஐந்து வருஷத்துக்கு யாரும் வந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கார்த்திகை பிறந்துவிட்டதால் ஐயப்ப சாமிமார் வண்டி ராத்திரி பகலாக மலையில் போகிறது, பாரம் ஏற்றிய லாரிகள் வேறு. நீ பஸ்ஸில் வந்தாலும் பகலிலேயே வா. ராத்திரியில் வராதே. கோட்டைவாசலில் கருப்பசாமியைக் கும்பிட்டுக்கொள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே சொல்லிவிடு. புளியரை செக்போஸ்டுக்கே ஆல்ட்டோவைக் கொண்டுவந்து நிற்கிறேன். மாப்பிள்ளையும் வந்தால் அவர் முன்சீட்டில் உட்காரட்டும், நான் ஓட்டுகிறேன். வராவிட்டால் நீ ஓட்டு. ஓட்ட மனசில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்.

ஆர்.சி. மாற்ற உன் ஆதார் நகல் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதற்கு மீட்டிங் தடை இல்லையே.

இப்படிக்கு,
அப்பா