சாயப்பட்டறைக்கு இரண்டு முறை போன துணி

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மகள் சித்த மருத்துவப் படிப்பில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா உன்னை இன்னும் விடுதி மாணவனாகவே நினைத்துக்கொண்டு, "அவனுக்கு அவ்வளவு பெரிய பெண்ணா?" என்று கேட்டார்.

உங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கணினிக் கணக்கு முறை அமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறாய். எல்லோரையும் ஒரே நாளில் கூட்டி, என்னென்ன தேவை என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கூட்டம் போடு, ஆனால் அதிலிருந்து தொடங்காதே. ஏன் என்பதை, நான் இப்போது பார்த்துவரும் வேலையை வைத்தே சொல்கிறேன்.

இங்கே ஒரு பனியன் கம்பெனியின் துணிக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் பணியில் ஆறு மாதமாக இருக்கிறேன். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போய் நிறமேறி, சுருக்கம் வராமல் துணியைப் பதப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து கட்டிங் மேசைக்கு வருவதற்குள் மூன்று வெளி இடங்களுக்குச் சென்று திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு டெலிவரி சலான், அதாவது சரக்கோடு போகும் சீட்டு. மூன்று கூட்டங்கள் நடத்தினோம். மூன்றிலும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "ஸ்டாக் சரியாகத் தெரிய வேண்டும்" என்பதுதான். தேவை தெளிவாகிவிட்டது என்று நானும் நம்பினேன். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்தபோதுதான், அந்த ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் இருப்பது தெரிந்தது. முதலாளிக்கு ஸ்டாக் என்பது துணியில் முடங்கிக் கிடக்கும் பணம். வாங்குபவரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அது கப்பலேறத் தயாராக இருக்கும் பீஸ். கிடங்குப் பொறுப்பாளருக்கு நாளைக் காலை கட்டிங் மாஸ்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடிய துணி மட்டுமே ஸ்டாக். கணக்காளருக்கோ, வெளியே போன சரக்கு எந்தத் தேதியில் போனது என்பதே முக்கியம். ஏனெனில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் கூலிக்கு வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வராமலும், அங்கிருந்தே விற்கப்படாமலும் இருந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி அது அனுப்பிய நாளிலேயே விற்கப்பட்டதாகக் கருதப்படும். நால்வரும் ஒரே அறையில் இருந்தவரை, ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் கிடங்கில் இருந்தது. பொறுப்பாளர் ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டு வைத்திருக்கிறார். ஓரங்கள் மடிந்து, மஞ்சளும் நீலமுமாகச் சாயக் கறை படிந்த நோட்டு. அதில் சில லாட் எண்களுக்கு (ஒரே தொகுப்பாகச் சாயமேறப் போகும் துணிக்கு இடும் எண்) பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போடப்பட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "அது திரும்பப் போனதுங்க. ஷேடு சேரலைங்க, மறுபடி பட்டறைக்கே அனுப்பிட்டோம்" என்றார். அவர் காட்டிய வரியில் 512 கிலோ போய் 478 கிலோவாக வந்திருந்தது. அந்த 478 கிலோ மறுபடி போய் 471 கிலோவாகத் திரும்பியிருந்தது. ஒரு லாட் ஒரு முறை போகும், ஒரு முறை வரும் என்று எண்ணி நான் வரைந்திருந்த முறையில், இது 990 கிலோ அனுப்பியதாகப் பதிவாகியிருக்கும். கம்பெனியில் இருந்ததோ 512 கிலோ துணிதான். மறுசாயத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது வேறு கேள்வி. பிழை பட்டறையுடையது என்றால் பில் வராது; வாங்குபவர் நிறத்தை மாற்றச் சொல்லியிருந்தால் வரும்.

மூன்று கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்த அவர் இதை ஏன் சொல்லவில்லை என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். எதிரே முதலாளி இருக்கும்போது, தன் பிரிவில் துணி திரும்பிப் போகிறது என்று எவரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். மேலும், தினமும் செய்கிற வேலையை யாரும் "தேவை" என்று நினைப்பதில்லை. இதே ஊரில் 12 மணி நேர வேலை என்றால் ஒன்றரை ஷிப்ட். வெளியூர்க்காரர் கேட்காவிட்டால் உள்ளூர்க்காரர் வாயில் அது வரவே வராது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு 80 பக்கத் தேவை ஆவணம் எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்திட்டவர் கல்லாவில் ஒரு நாளும் உட்கார்ந்தவர் அல்லர். கடைப் பையன்கள் நான்கு மாதம் கணினியிலும் நோட்டிலுமாக இரட்டைக் கணக்கு எழுதிக் களைத்து, கடைசியில் நோட்டுக்கே திரும்பினார்கள். அந்தப் பையன்களின் இரவுகளை நான் வீணாக்கினேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே நீ முதலில் விடியற்காலையில் பால் ஊற்றும் இடத்துக்குப் போ. ஒரு வாரமாவது போ. கொழுப்பையும் இதர திடச்சத்தையும் வைத்து விலை போடுவது உனக்குத் தெரியும். அந்தக் கணக்கு எளிது. மின்சாரம் போய்ப் பரிசோதனைக் கருவி நின்ற அன்று எந்த அளவை எழுதினார்கள், புளித்துப்போன பால் யார் கணக்கில் சேர்ந்தது, ஓர் உறுப்பினரின் எண்ணில் பக்கத்து வீட்டுக்காரர் பால் ஊற்றினால் பணம் யாருக்குப் போகிறது, தீவனக் கடனை எந்தப் பட்டுவாடாவில் பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கேயே நின்று கேள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் நீ எதிர்பார்ப்பதையே சொல்வார்கள், "போன முறை அப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, மறுநாள் அவர்களிடமே படித்துக் காட்டு, திருத்துவார்கள். அதன் பிறகு கூட்டம் போடு. இந்த முறை செய்யப்போவதில்லை என்று முடிவானவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிடு.

சங்கத்தில் பால் அளக்கும் அம்மாளும் ஒரு நோட்டு வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவருடைய அனுமதியுடன் அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. பொங்கலுக்கு நான் அங்கே வரும்போது இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்